மூட்டையாரின் முதுகுப்பை

இடது தோள் வலது தோளைவிடக் கீழே இறங்கியிருந்தது. பிசியோதெரபிஸ்ட் பெண் கண்ணாடி முன்னால் நிறுத்திக் காட்டியபோது, கண்ணாடியைத்தான் கோணலாக மாட்டியிருக்கிறீர்கள் என்று மூட்டையார் வாதாடிப் பார்த்தார். அந்தப் பெண் மூலையில் கிடந்த அவருடைய முதுகுப்பையை ஒரு கையால் தூக்கப் போனாள். பை நகரவில்லை.

"ஒரு மாசத்துக்கு இதைத் தொடக்கூடாது. ஆமா, இதுக்குள்ள அப்படி என்னதான் வச்சிருக்கீங்க?"

"ஆபீசுக்கு வேண்டியதுதாம்மா."

அவர் பொய் சொல்லவில்லை. சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் பில் பிரிவில் வேலை. அங்கே எல்லோருமே முதுகில் பையோடுதான் வருவார்கள். லேப்டாப், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், அதோடு சரி. மூட்டையார் பையில் இதெல்லாம் போக, மற்றவர்கள் மறந்துவிட்டு வரக்கூடியதெல்லாம் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். முதுகுக்குப் பின்னால் மூட்டை, முகத்துக்கு நேரே சார். நாம் இரண்டையும் சேர்த்து மூட்டையார் என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டில் மனைவி பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தாள். இரண்டு குடை. அவரிடம் இல்லாத போன்களுக்கான சார்ஜர்கள். ஊசி, நூல், தலைவலித் தைலம், ஸ்க்ரூ டிரைவர், யாருடைய காலுக்கும் பொருந்துகிற ஒரு ஜோடி காலுறை. கடைசியாக ஒரு பூட்டு தடாலென்று விழுந்தது.

"இதோட சாவி எங்க?"

"அது தொலைஞ்சு ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் எதுக்குங்க இந்தப் பூட்டு?"

"சாவி கெடைச்சா தேவைப்படும்ல."

இதைக் கேட்டுச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என் பையில் கண்ணாடி இல்லாத ஒரு கண்ணாடிக் கூடு பல வருஷமாக என்னோடு ஆபீசுக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறது.

மறுநாள் மூட்டையார் லேப்டாப்பையும் டப்பாவையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கையை வீசி நடந்தார். வாசல் காவலருக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. சாயங்காலம் வெளியே போகிற ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பது காவலர் வேலை. மூட்டையாரின் பையைப் பார்த்து முடிப்பதற்குள் பின்னால் வரிசை படிக்கட்டு வரை நீண்டுவிடும். இன்று அந்த முதுகு காலியாக இருந்ததைக் காவலர் நம்ப முடியாமல் பார்த்தார்.

முதலில் சார்ஜர் கேட்டு வந்தது கேஷியர் அம்மா. கொண்டு வரவில்லை, இனிமேலும் கொண்டு வருவதாக இல்லை என்றார் மூட்டையார். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. ஆபீசில் ஏற்கெனவே ஆட்குறைப்புப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேற இடம் கெடைச்சிடுச்சா சார்? நீங்க போயிட்டா நாங்க என்ன பண்ணுவோம்?"

தோள் வலி என்று அங்கேயே சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து யாரும் இப்படிக் கலங்கியதில்லை. வீட்டில்கூட இல்லை. மூட்டையார் லேசாகச் சிரித்தார்.

"பார்க்கலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை மதியத்துக்குள் மாடி ஏறி, டெலிவரி பிரிவு வரை போய்விட்டது. சாப்பாட்டு நேரத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். டெலிவரி பிரிவுக்காரர் வாய்விட்டே வருத்தப்பட்டார். இனிமேல் மழை வந்தால் யாரிடம் போய் நிற்பது, தலைவலி வந்தால் யாரைக் கேட்பது என்றார். மூட்டையாருக்குக் கண் கலங்கியது. யார் எதைக் கேட்டாலும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலைகால் புரியாத சந்தோஷம்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். போகாதீர்கள் என்று கெஞ்சப் போகிறார், கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுச் சம்மதிக்கலாம் என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மூட்டையார் உள்ளே போனார்.

"கேள்விப்பட்டேன். உங்க முன்னேற்றத்துக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள்னு வச்சுக்கலாமா? அடுத்த ஆளைக் கூப்பிட எனக்கும் வசதியா இருக்கும்."

மூட்டையார் இல்லை சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பகலெல்லாம் பழகிய வாய் அது.

"பார்க்கலாம் சார்" என்றது.

மேனேஜர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, போனைக் கையில் எடுத்துவிட்டார்.

வீட்டில் மனைவி முழுக்கதையையும் கேட்டாள்.

"போகலன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

"எல்லாரும் அவ்வளவு பாசமா கேட்டாங்கடி."

"இந்த வயசுல வேற எந்த ஆபீஸ் வாசல்ல போய் நிப்பீங்க? எவன் கூப்பிடுவான் உங்களை?"

மனைவியே எழுந்து எல்லாவற்றையும் பழையபடி பைக்குள் திணித்தாள். பூட்டையும் சேர்த்துத்தான். தோளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வேலை நிலைக்கட்டும் என்றாள். பையைப் பார்த்தாலே ஆபீசுக்குப் புரிந்துவிடும் என்பது இருவரின் கணக்கு.

ஆபீசுக்கு வேறு மாதிரி புரிந்தது. ட்ராயரைக் காலி பண்ணிக்கொண்டு போகத்தான் பை வந்திருக்கிறது என்று கேஷியர் அம்மா மூக்கை உறிஞ்சினார். காலிப் பை இல்லை, நிறைந்த பை என்று நிரூபிக்க மூட்டையார் உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து மேசைமேல் பரப்பினார். அவ்வளவுதான். போகிற மனுஷன் ஆளுக்கு ஒரு நினைவுப் பொருள் தருகிறார் என்று கூட்டம் கூடிவிட்டது. கேஷியர் அம்மா சார்ஜரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒவ்வொரு மழைக்கும் உங்களை நினைத்துக்கொள்வேன் என்று டெலிவரி பிரிவுக்காரர் குடையை எடுத்துக்கொண்டார், இரண்டையும். யாரோ ஒருவர் பூட்டைக்கூட நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். அழுகிறவர்களிடம் கொடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மூட்டையாருக்குச் சொல்லத் தெரியவில்லை. லேசான பையோடும் கனத்த மனதோடும் வீடு திரும்பினார்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார்கள். மூட்டையாரும் போனார். உள்ளே மேசைமேல் ஒரு புத்தம் புதிய முதுகுப்பை, பழையதைவிடப் பெரியது, உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எல்லோரும் சேர்ந்து வாங்கியது என்றார்கள். அவர் ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து பார்த்தார். இரண்டு குடை. சார்ஜர்கள். ஊசி, நூல். அவர் வைத்திருக்கும் அதே தைலம். எந்தப் பொருள் பையின் எந்த அறையில் இருக்கும் என்பதுகூட மாறவில்லை. தன்னை இவ்வளவு கவனித்திருக்கிறார்களே என்று மூட்டையார் நெகிழ்ந்துபோனார். இவர்களிடம் இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

"நான் எங்கயும் போகல" என்றார். "எனக்கு வேற வேலை எதுவும் கெடைக்கல, யாரும் கூப்பிடவும் இல்ல. தோள் வலி, அதான் அன்னைக்குப் பை கொண்டு வரல. நீங்க எல்லாம் விசாரிச்சது நல்லா இருந்துச்சு, அதனால பார்க்கலாம்னு சொல்லிட்டேன். தப்புதான். என்னை அனுப்பிடாதீங்க."

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அப்படியானால் திங்கட்கிழமை வருவதாக இருந்த ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். மூட்டையாருக்கு உயிர் திரும்பி வந்தது. யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள்.

அவர் புதுப்பையை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டார். இடது தோள் சுளீரென்றது. இருக்கட்டும், அன்பு என்றால் கொஞ்சம் கனக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டார். கேஷியர் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேனேஜர் கண்ணைக் காட்டியதும் அடங்கிவிட்டார்.

சாயங்காலம் வாசலில் காவலர் கேட்கும் முன்பே மூட்டையார் ஜிப்புகளைத் திறந்து காட்டினார். இத்தனையும் தனக்காக ஆபீசே சேர்ந்து வாங்கிக் கொடுத்தது என்று காவலரிடம் பெருமையாகச் சொன்னார். பின்னால் வரிசை நீண்டது. காவலர் உள்ளே எதையும் பார்க்கவில்லை. மெதுவாக அவர் தோளிலிருந்து பட்டையைக் கழற்றி, பையை உள்பக்கம் இறக்கி வைத்தார்.

"இது வெளிய போகக்கூடாது சார், மேனேஜர் காலையிலயே சொல்லிட்டாரு. உங்க சீட்டுக்கு யாரு வந்தாலும் இந்தப் பை அங்க இருக்கணுமாம். இப்போதைக்கு அந்தச் சீட்டுக்கு நீங்கதான் வந்திருக்கீங்க."