பென்சிலால் அளந்த தெரு

"எதுக்கு சார் எங்க வீட்டை அளக்கறீங்க?"

எட்சன் நீட்டிய கையை மடக்காமல் திரும்பினான். ஒரு கண் மூடியிருந்தது. கையில் பென்சில்.

"அளக்கலைங்க. படம் வரையறேன். பென்சிலை இப்பிடி நீட்டி, கட்டைவிரலை வச்சு உயரம் பாக்கணும்."

"அப்ப அளக்கறீங்க" என்றார் நாராயணப்பன். எட்சனின் பைக்கிலிருந்து சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டார்.

ஜவளகிரி போகும் வழியில் இருந்த அந்தக் கிராமத்துக்குள் புதுச் சாலை வரப்போகிறது. யார் வீடு போகும் என்று யாருக்கும் தெரியாது. சாலை வருவதே எட்சனுக்குத் தெரியாது. லீவு நாளில் வீட்டில் தனியாக இருக்க வேண்டாமென்று அக்கா டெல்சி அவனை ஓசூரில் ஓவிய வகுப்பில் சேர்த்திருந்தாள். கோடு, வட்டம், பெட்டி முடிந்துவிட்டன. இந்த வாரம் ஒரு தெரு.

தெரு கூடிவிட்டது. படத்தைக் காட்டினான்.

"என் வீடு எங்க?" என்றார் சரோஜம்மாள்.

"அதுல ஓடு நெறைய இருக்குங்க. எனக்கு இன்னும் வராது. விட்டுட்டேன்."

"விட்டுட்டாராம். வருசா வருசம் வரி கட்டறேன், விட்டுட்டாராம்."

எட்சன் அவசரமாக ஒரு பெட்டி போட்டு, மேலே கூரை வைத்தான். வீடு வந்தது. ஆனால் பாதி சாலையில் நின்றது.

எதிர்வீட்டு வெங்கடப்பன் குனிந்தார். "ரோடு என் வாசல்ல இவ்ளோ அகலம். நாராயணப்பன் வீட்டாண்ட போனா நூலாட்டம் ஆயிடுது. அவன் உங்களுக்குச் சொந்தமா?"

"தூரமா போனா அப்பிடித்தாங்க தெரியும். ரெண்டு கோடும் கடைசில ஒரு புள்ளில போய்ச் சேரும்."

"அந்தப் புள்ளில என்ன இருக்குது?"

எட்சன் நிமிர்ந்து பார்த்தான். "கோயில்ங்க."

ரோடு கோயிலையும் இடிக்குமா என்று வெங்கடப்பன் தெலுங்கில் திட்டினார். நாலைந்து பேர் நெருங்கி வந்தார்கள்.

எட்சன் ரப்பரை எடுத்தான். "நீங்களே சொல்லுங்க. ரோடு எங்க வேணுமோ அங்க போட்டுடறேன்."

சொன்னார்கள். சாலை ஊருக்குப் பின்னால் போனது. வெங்கடப்பனின் தென்னைக்காகக் கொஞ்சம் விலகியது. சரோஜம்மாளின் கிணற்றுக்காக இன்னும் கொஞ்சம் விலகியது. சண்டை வந்தபோதெல்லாம் அழித்தான். தாள் ஓரிடத்தில் ஓட்டையாகிவிட்டது. அங்கே குளம் என்று வைத்துக்கொண்டார்கள். கடைசியில் சாலை புறம்போக்கு வழியாக வளைந்து போனது. ஒரு வீடும் போகவில்லை.

"நாளைக்கு எவனும் பேச்சு மாத்தக் கூடாது" என்றார் நாராயணப்பன். எல்லோரையும் கீழே கையெழுத்துப் போட வைத்தார். சரோஜம்மாள் கைநாட்டு வைத்தார். பிறகுதான் சாவி கிடைத்தது.

ஊர் எல்லை டீக்கடையில் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். உள்ளே என்ன கூட்டம் என்று கேட்டார். எட்சன் படத்தை நீட்டினான். அவர் வெகுநேரம் பார்த்தார். கையெழுத்துகளை விரலால் தடவினார்.

"இதை எனக்குக் குடுத்துடுங்க சார்" என்றார். "நான்தான் சர்வேயர். ஒரு வருசமா என்னை இந்த டீக்கடை தாண்டி விடல."