பின்வாசலுக்குப் போன புகை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். என் நலம் முழுசு, அம்மாவின் நலத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் ஆலையில் ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்துதான் எடுக்கிறார்கள், அப்போது உண்டாகும் கரியமில வாயு அப்படியே புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது, ஆனாலும் வாசல் பலகையில் 'துளி மாசில்லாத எரிபொருள்' என்றிருக்கிறது, பார்க்க வருகிறவர்களிடம் நீயும் அதையே சொல்ல வேண்டும் என்கிறார் மேலாளர், எனக்கு வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். அம்மாடி, என் மகள் செய்கிற வாயுவில் வண்டி ஓடினால் பின்னால் தண்ணீர்தான் சொட்டும் என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டுவிட்டேன். அது பொய்யில்லையே, தண்ணீர்தானே சொட்டுகிறது? அதனால் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்.

இனி அம்மா விஷயம். அவள் மூச்சிளைப்புக்குப் புகை ஆகாது என்று பெட்ரோல் ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினேன். புகையில்லை, சத்தமில்லை, துரத்திப் பழகிய தெருநாய்கூட என்னை மதிக்கவில்லை. கரண்ட்தான் பாதி நேரம் இருப்பதில்லை. சார்ஜ் போட ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்கி, மழையில் நனையாத இடமாகப் பார்த்து, கொல்லைப்பக்கம் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வைத்தேன். அம்மாவுக்கு இளைப்பு ஏறிவிட்டது. "வீட்ல புகை ஏதாவது உண்டா?" என்றார் டாக்டர். நான் நெஞ்சை நிமிர்த்தி, "பொட்டுப் புகை கிடையாது டாக்டர், பேட்டரி வண்டி!" என்றேன். உன் அம்மா இருமலுக்கு நடுவே, "முன்வாசல் புகையைப் பின்வாசலுக்குக் கொண்டுபோயிட்டாரு, அவ்ளோதான். அங்க நின்னு சமைக்கிறது நான்" என்று போட்டு உடைத்துவிட்டாள். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அன்றைக்கே ஜெனரேட்டருக்கு விடை கொடுத்தாயிற்று. கரண்ட் இருந்தால் வண்டி, இல்லாவிட்டால் நடை. நேற்று அம்மா மாடிப்படியை ஓரிடத்திலும் நிற்காமல் ஏறினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு. மேலாளரிடம் பணிவாக நடந்துகொள். எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "டாக்டர்கிட்ட நானும் வாயை மூடிக்கிட்டே இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள். பேனாவை மறுபடி எடுத்தேன். மேலே சொன்ன புத்திமதியை அடித்துவிட்டுப் படித்துக்கொள். உள்ளதைச் சொல்லிவிடு, கண்ணு. வேலை போனால் போகட்டும். உன் மெத்தையை இப்போதுதான் வெயிலில் போட்டுவிட்டு வந்தேன்.