இருபதுக்கு ஒன்பது

முதல் பரீட்சையில் ஆறு பேரின் சராசரி இருபதுக்கு ஒன்பது. றிஸ்மி தாள்களை மூன்று தடவை திருத்திப் பார்த்தான். ஒன்பது ஒன்பதாகவே இருந்தது. இருபதும் சரியா பிழையா என்று அடையாளம் போடும் கேள்விகள். கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலும் பத்து வந்திருக்கும்.

கல்முனையில் மீராசாஹிபு ஹாஜியாரின் மின்சாரப் பொருள் கடைக்கு அவன் பயிற்சி அலுவலராக வந்து மூன்று மாதம் முடியப்போகிறது. வளர்ந்தவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பற்றிக் கொழும்பில் டிப்ளோமா எடுத்தவன். விற்பனையாளர் ஆறு பேரையும் புதுக் கம்பியூட்டரில் பழக்கிவிட்டால் வேலை நிரந்தரம். நிரந்தரக் கடிதத்தைக் கண்ணால் கண்ட பிறகுதான் பெண் தருவோம் என்று மருதமுனையில் பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்ணை அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

"பதினஞ்சு எடுத்தாத்தானே தம்பி பாஸ்?" என்றார் ஹாஜியார்.

"நான் பள்ளிக்கூடம் மாதிரிப் படிப்பிச்சிட்டன் ஹாஜியார். வளந்த ஆக்களுக்கு அது சரிவராது. அவங்கட அனுபவத்துல இருந்து தொடங்கணும்."

"எதுல இருந்தெண்டாலும் தொடங்குங்க. வியாழக்கிழமை முடிச்சிரணும்."

அடுத்த நாள் றிஸ்மி கதிரைகளை வட்டமாகப் போட்டான். சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனமெல்லாம் பட்டறை நடத்திய ஊர் அது. வட்டத்தைக் கண்டதும் ஆறு பேரும் சொல்லாமலே பெயரை எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொண்டார்கள். பலூன் எங்கே என்று ஒருவர் கேட்டார்.

"உங்கட அனுபவத்தச் சொல்லுங்க" என்றான் றிஸ்மி.

மூத்தவரான றஸாக் காக்கா, வெள்ளத்தில் ஒரு ஃபிரிஜ்ஜைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போன கதையைத் தொடங்கினார். மதியம் லுஹருக்குப் பாங்கு சொன்னபோது தோணி நடு வெள்ளத்தில் நின்றது. தொழுதுவிட்டு வந்து மிச்சத்தைச் சொன்னார். அந்தத் தோணியைப் பிடித்துக்கொண்டே றிஸ்மி கம்பியூட்டரை விளக்கினான். கடையிலிருந்து ஏற்றினால் ஸ்டொக்கில் கழியும், திரும்பி வந்தால் கூடும்.

"இப்பதான் சேர் வடிவா விளங்குது" என்றார்கள் எல்லோரும்.

பரீட்சை வைத்தான். சராசரி ஐந்து.

றிஸ்மி டிப்ளோமாக் கொப்பியைப் புரட்டினான். வளர்ந்தவர்கள் செய்து பார்த்துத்தான் கற்பார்கள் என்று அதில் சிவப்பு மையால் கோடிட்டிருந்தது. அடுத்த நாள் கடை நடுவிலேயே நாடகம் வைத்தான். றஸாக் காக்கா வாடிக்கையாளர், ஆறு பேரில் இளையவனான றிபாஸ் விற்பனையாளர்.

வாடிக்கையாளராக மாறியதும் றஸாக் காக்காவுக்குள் இத்தனை வருடம் அடங்கிக் கிடந்த கோபமெல்லாம் கிளம்பியது. வோஷிங் மெஷினைத் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார், வெளியே போவதுபோல் இரண்டு தடவை நடந்தார். நாடகம்தானே என்று றிபாஸ் பாதி விலைக்கு இறங்கி பில்லையும் அடித்துக் கொடுத்தான். பில்லில் ஒரு பிழையும் இல்லை.

சாமான் வாங்க வந்து பின்னால் நின்ற கமீலா டீச்சர் கைப்பையைத் திறந்தார். "அவருக்குக் குடுத்த விலைக்கு எனக்கும் ஒண்டு தாங்க."

"இது நடிப்பு டீச்சர்" என்றான் றிஸ்மி.

"பில்லுல நடிப்பு எண்டு எழுதியிரிக்கா?"

டீச்சரின் குரல் வகுப்பறைக் குரல். தெருவில் போனவர்களெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஹாஜியார் மானம் போகாமல் இருக்க மெஷினைப் பாதி விலைக்கே ஏற்றி அனுப்பிவிட்டு, றிஸ்மியை ஒரு பார்வை பார்த்தார்.

வியாழக்கிழமை கடைசிப் பரீட்சை. றிஸ்மி ஆறு தாள்களையும் திருத்தினான். ஆறு பேருக்கும் பூச்சியம்.

"முதல்ல ஒம்பதாவது இரிந்திச்சி" என்றார் ஹாஜியார். "நீங்க படிப்பிக்கப் படிப்பிக்க இரிந்ததும் போயிட்டு. நாளையில இருந்து வராதீங்க தம்பி."

றிஸ்மி கடையின் பின்பக்கக் குசினிக்குள் போய் முக்காலியில் உட்கார்ந்தான். வேலையும் போனது, மருதமுனையும் போனது. கடைக்குத் தேநீர் ஊற்றும் பாண்டிருப்புச் செல்லத்தங்கம் ஒரு கோப்பையை அவன் கையில் கொடுத்தாள்.

"பாஸாகிற ஆக்கள் பொத்துவில்ல திறக்கிற கடைக்கு மாறிப் போகணுமாம். உங்களுக்கு முதலாளி சொல்லல்லயா சேர்?"

"இல்லயே!"

"ஆறு பேரும் பொண்டாட்டிமார்ர வீட்டுல இருக்கிற ஆக்கள். அவளுகள் தாய்மார விட்டுட்டுப் பொத்துவிலுக்கு வருவாளுகளா?"

"அது சரி அக்கா. அதுக்காக நான் படிப்பிச்சதுல ஒண்டு கூடவா மண்டையில ஏறல்ல?"

"ஆரு சொன்ன ஏறல்ல எண்டு? முதல் நாள் எது பிழையெண்டு தெரியாமத்தான் ஒம்பது சரியாப் போயிட்டு. நீங்க வடிவாப் படிப்பிச்சபடியாத்தானே சேர், இண்டைக்கு இருபதையும் பாத்துப் பாத்துப் பிழையாப் போட்டாங்க!"