ஆராய்ச்சிக்கு மட்டும்

மனிதன் இதுவரை புட்டியில் அடைத்து விற்ற பொருள்களிலேயே மிகவும் நேர்மையானது எங்கள் நிறுவனத்தின் ‘ஆர்-பதினைந்து’தான் என்பதை எந்த மேடையில் ஏறியும் சொல்ல நான் தயார். மேடைக்கு யாரும் கூப்பிடாததால் இங்கே எழுதுகிறேன்.

ஆர்-பதினைந்து ஒரு பெப்டைடு. அதாவது, அமினோ அமிலங்கள் பதினைந்து பேர் கைகோத்துக்கொண்டு வரிசையில் நிற்பது. இயற்கையில் அவர்கள் இந்த வரிசையில் நிற்பதில்லை; ஆய்வுக்கூடத்தில் யாரோ பிடித்து நிறுத்தியது. பார்வைக்கு வெள்ளைத் தூள். மூலக்கூறு எடை ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். நீரில் கரையும். வெளிச்சம் ஆகாது. மைனஸ் இருபது டிகிரியில் வைக்க வேண்டும். தூய்மை தொண்ணூற்றொன்பது சதவீதம். இத்தனையையும் கட்டைவிரல் அளவுப் புட்டியின் மேல் அச்சிட்டு, அதற்கும் கீழே ‘ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதருக்கு அல்ல’ என்றும் போட்டிருக்கிறோம். என்னைத் தொடாதே என்று தானே சொல்லும் சரக்கு வேறு எந்தக் கடையில் கிடைக்கும்?

நிறுவனம் ஒரு நாற்காலிக் கடையின் மாடியில் இயங்குகிறது. முன்னறையில் மேசைகள், பின்னறையில் குளிர்சாதனப்பெட்டி. அந்தப் பெட்டிக்கு மைனஸ் என்ற சொல்லே தெரியாது என்றாலும், கதவைத் திறந்தால் முகத்தில் சில்லென்று அடிக்கும். இயக்குநர் முன்பு செல்போன் உறை விற்றவர். “நான் பாதுகாப்புத் துறையிலேர்ந்து அறிவியலுக்கு வந்தவன்” என்பார். விற்பனை மேலாளருக்குத் தொலைபேசிதான் ஆய்வுக்கருவி. நான் ‘அறிவியல் தகவல் அலுவலர்’, படித்தது வரலாறு. வேதியியல் துறையும் உண்டு. அது ஒரு மின்னஞ்சல் முகவரி. தூள் எங்கிருந்தோ பொட்டலமாக வரும். அதன் தூய்மைச் சான்றிதழும் அதே பொட்டலத்தில் வரும். ஒவ்வொரு முறையும் தொண்ணூற்றொன்பது. பள்ளிக்கூடத்தில் நான் கண்ணால் காணாத மதிப்பெண் என்பதால் அதன்மேல் எனக்குத் தனி மரியாதை.

எங்கள் வாடிக்கையாளர்கள் அனைவரும் ஆராய்ச்சியாளர்கள். அப்படி இல்லாதவர்களை விற்பனை மேலாளர் தொலைபேசியிலேயே ஆராய்ச்சியாளர் ஆக்கிவிடுவார்.

“சார், இந்த ஊசியை நான் எங்க போட்டுக்கணும்?”

“போட்டுக்கக் கூடாது சார். ஆராய்ச்சிக்கு மட்டும்.”

“சரி, ஆராய்ச்சிதான். என்னோட எலிக்கு முழங்கால் வலி.”

“எலி என்ன பண்ணுது சார்?”

“பேங்க்ல கேஷியர்.”

“மாடிப்படி ஏறுமா?”

“அதான் சார் ஏற முடியல.”

“அப்ப கண்டிப்பா ஆராய்ச்சி பண்ண வேண்டிய எலி” என்று மேலாளர் முகவரி கேட்டு எழுதிக்கொள்வார்.

இணையதளத்தில் ஆர்-பதினைந்தின் பக்கத்தை எழுதும் பொறுப்பு என்னுடையது. வேதிப் பண்புகளை எல்லாம் எழுதி முடித்தபின் ஒரு கட்டம் காலியாக நின்றது: ‘மனித உடலில் விளைவு’. அதற்காக இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

“என்ன விளைவு?” என்று கேட்டார்.

“தெரியாது சார். மனுஷங்ககிட்ட யாரும் ஒழுங்கா சோதிச்சதா தகவல் இல்ல.”

“தெரியாதுன்னு போட்டா எவன் வாங்குவான்?”

“‘மேலும் ஆய்வுகள் தேவை’ன்னு போடலாமா?”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் நோஞ்சானா இருக்கே. சதை போடுங்க.”

நான் யோசித்தேன். “‘தசை, மூட்டு தொடர்பாக ஆராய்ச்சியாளர்களின் ஆர்வத்தைப் பெரிதும் ஈர்த்துள்ளது’.”

இயக்குநர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வாங்குபவர்தான் ஆராய்ச்சியாளர், ஆர்வம் இல்லாமலா வாங்குகிறார்?

என் தங்கையின் கணவர் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுபவர். உட்கூரை பூசுவதில் கெட்டிக்காரர். அண்ணாந்து, கையைத் தூக்கியபடியே வருஷக்கணக்காக வேலை பார்த்ததில் அவருடைய வலது தோள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொன்னார். கையைத் தொங்கப் போட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மாப்பிள்ளை செல்போனில் தேடினார். நான் எழுதிய பக்கம் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நம் வீட்டுக் கம்பெனிதானே என்ற உரிமையில், வரவழைத்து, நீரில் கரைத்துத் தோளில் ஊசியாகப் போட்டுக்கொண்டார்.

தங்கை அலுவலகத்துக்கே போன் செய்தாள். “அண்ணா, இவருக்குத் தோள் பலாக்காய் மாதிரி வீங்கியிருக்கு. உடம்பு கொதிக்குது. நீ உடனே கிளம்பி வா.”

மருத்துவமனையில் மாப்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்ததும், “நீங்கதான் அந்தக் கம்பெனிக்காரரா? இவர் என்ன போட்டுக்கிட்டார்?” என்றார்.

நான் நிமிர்ந்து நின்றேன். பதினைந்து அமினோ அமிலங்களையும் வரிசை மாறாமல் ஒப்பித்தேன். மூலக்கூறு எடையைச் சொன்னேன். நீரில் கரையும் என்பதையும் வெளிச்சம் ஆகாது என்பதையும் எடுத்துரைத்தேன்.

“அதெல்லாம் சரி. உடம்புக்குள்ள போனா என்ன செய்யும்?”

“ஆராய்ச்சியாளர்களின் ஆர்வத்தை ஈர்க்கும்.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை இன்னொரு முறை பார்த்தார். “கிருமி நீக்கின மருந்தா இது?”

“தூய்மை தொண்ணூத்தொன்பது சதவீதம் டாக்டர்.”

“மீதி ஒண்ணு?”

அதற்கு எங்களிடம் சான்றிதழ் இல்லை என்று பணிவுடன் தெரிவித்தேன்.

சீழ் கட்டியிருந்தது. கீறி எடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்றும், அந்தக் கை இனி தலைக்கு மேலே எழும்புமா என்பதைப் போகப் போகத்தான் பார்க்க வேண்டும் என்றும் டாக்டரம்மா சொன்னார். மாப்பிள்ளை என்னைத் தேற்றப் பார்த்தார். “நீங்க எழுதினதுன்னுதான் வாங்கினேன் மச்சான். வேற எவனாவதா இருந்தா யோசிச்சிருப்பேன்.” போர்வையை இழுத்துவிடும் சாக்கில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெருமையால்தான் இருக்க வேண்டும்.

நடந்ததை இயக்குநரிடம் தெரிவித்தேன். மறுபடியும் அவசரக் கூட்டம். “மனிதருக்கு அல்லன்னு போட்டிருந்தோமா இல்லையா?” என்றார். போட்டிருந்தோம். “அப்ப இது ஆராய்ச்சி ஒழுக்கத்தை மீறின செயல்” என்று தீர்ப்பளித்து, மாப்பிள்ளையைக் கண்டித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். பிறகு திடீரென்று முகம் மலர்ந்தார்.

“மனுஷங்ககிட்ட ஆய்வே நடக்கலன்னு சொன்னீங்களே. இப்ப நடந்திருச்சே!”

அன்று மாலையே இணையதளப் பக்கத்தில் புதிய வரி ஏறியது: ‘மனிதரிடம் முதல் ஆய்வு வெற்றிகரமாக நிறைவுற்றது’. ‘வெற்றிகரமாக’ என்பது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது என்றேன். “ஆளு பொழைச்சிட்டாருல்ல?” என்றார் இயக்குநர்.

தங்கை மாடிப்படி ஏறி வந்தாள். மூச்சு வாங்க நின்று, செல்போனை இயக்குநர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “முதல் ஆய்வுன்னு போட்டிருக்கீங்களே, அது எங்க வீட்டுக்காரரா?”

“பேரை வெளியிடலம்மா. தனிநபர் ரகசியத்தை நாங்க உயிரா மதிக்கிறோம்.”

“உங்க தூள் அவ்வளவு நல்லதா?”

“உலகத் தரம்.”

அவர் நாற்காலியில் இடுப்புக்குப் பின்னால் சொருகி வைத்திருந்த தலையணையைக் காட்டினாள். “உங்களுக்கு இடுப்பு வலி போலருக்கே. நீங்க போட்டுக்கிட்டீங்களா?”

இயக்குநர் பதறிப்போனார். “நானா? ஐயோ, நான் குடும்பஸ்தன்மா!”

அவள் விற்பனை மேலாளர் பக்கம் திரும்பினாள். மேலாளர், அடிக்காத தொலைபேசியை எடுத்து “ஹலோ, ஹலோ” என்றார்.

கடைசியில் என் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை. சின்னப் பெண்ணாக இருந்தபோது கணக்கு புரியாமல் கேட்பாளே, அந்தக் குரலில் கேட்டாள்:

“நீ போட்டுப்பியாண்ணா?”

அறிவியல் தகவல் அலுவலர் என்ற முறையில் தவறான தகவல் தர எனக்கு உரிமை இல்லை.

“எனக்கு எதுக்கும்மா?” என்றேன். “எனக்குத்தான் அது என்னன்னு தெரியுமே.”