தாவும் வண்டியும் அடிப்பக்கம் அண்ணனும்

மேற்குத் தாம்பரத்தில் அடிப்பக்கம் அண்ணன் கவிழ்த்தோ குனிந்தோ பார்க்காத பொருள் எதுவும் கிடையாது. தரைக்குள் புதைத்திருந்த காரணத்தால் மின்கம்பங்கள் மட்டும் தப்பித்தன. இட்லி வந்தால் முதலில் புரட்டுவார். சால்வை போர்த்தினால் உள்பக்கத் தையலைப் பார்ப்பார். மகளுக்கு வரன் பார்க்கப் போன வீட்டில், வாசலில் மாப்பிள்ளை கழற்றிவிட்டிருந்த செருப்பைக் கவிழ்த்துப் பார்த்து, "ஒரு பக்கமா தேஞ்சிகீது. ஆளு எங்கியோ சாயறான்" என்றார். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தங்கமானவர். இன்றைக்கு அண்ணன் இருப்பதும் அவர் வீட்டில்தான். ஆனாலும் மாப்பிள்ளையின் இடது தோள் சற்றே இறங்கியிருக்கும் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அண்ணனின் சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை. லாரி ஷெட்டில் முப்பது வருஷம் வண்டிகளுக்கு அடியில் படுத்து வேலை செய்தவர். "மேல பாத்தா பெயின்ட்டுதான் தெரியும்" என்பார். அதனால் எங்கள் பக்கத்தில் யார் வண்டி வாங்கினாலும் ஒரு டார்ச்சையும் ஒரு கோணிச் சாக்கையும் எடுத்துக்கொண்டு அண்ணனும் போவார். சாக்கை விரிப்பார், அடியில் நுழைவார். கால்கள் மட்டும் வெளியே தெரியும். அந்தக் கால்கள் ஆடாமல் இருந்தால் வண்டி தேறாது என்று அர்த்தம். கூலி வாங்கமாட்டார். டீ வாங்கிக் கொடுக்கலாம். டீ கிளாஸையும் தூக்கி அடியில் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கன்னியம்மா அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை அவரைத் தேடி வந்தார். கோவளத்துப் பக்கம் கடலோரத்து ஆள். கூடையில் தொடங்கி, பழைய மினி லாரி ஒன்று வாங்கி, பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள மெஸ்களுக்கெல்லாம் மீன் போடும் அளவுக்கு வந்திருந்தார். போன ஐப்பசியில் அந்த மினி லாரி பள்ளிக்கரணைத் தண்ணீரில் நின்றுபோனது. ஐஸ் கரைந்தது, மீன் கெட்டது, இரண்டு மெஸ்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. இன்னொரு மழையில் இதே கதை நடந்தால் மீதி மெஸ்களும் போய்விடும். மறுபடி கூடைதான்.

"இத பாரு அண்ணா" என்று அக்கா செல்போனை நீட்டினார். திரையில் சிவப்பு நிறப் பிக்கப் ஒன்று ஆற்றில் இறங்கி, கரையேறி, மணல்மேட்டிலிருந்து தாவியது. "நாலு சக்கரமும் இழுக்குமாம். இதே கம்பெனில சாதா மாடலும் கீது. அதுவும் நாலு சக்கரமும் இழுக்கும், ஆனா தாவாதாம். தாவறதுக்கு நெறைய கூட கேக்கறான். குடுக்கலாமா?"

"எவ்ளோ கூட?"

அக்கா சொன்னார். அந்த வித்தியாசத்தில் ஒரு சின்னக் கார் வாங்கலாம். அண்ணன் செல்போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். பிறகு, "போய்ப் பாக்கலாம்" என்றார்.

ஷோரூமுக்கு நானும் போனேன், ஆங்கிலக் கையேட்டைப் படித்துச் சொல்வதற்காக. டை கட்டிய விற்பனையாளர் எங்களைச் சிவப்பு வண்டியில் ஏற்றி, சாக்கடை வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த முடிச்சூர்ப் பக்கத்துத் தெருவில் வேகமாக ஓட்டினார். பள்ளங்கள் வந்தன, போயின, எங்களுக்குத் தெரியவே இல்லை. இறங்கியதும் அண்ணன் சாக்கை விரிக்கவில்லை. "யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அவர் வண்டிக்கடியில் நுழையாமல் திரும்பியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தேகம் தட்டியது.

வியாழக்கிழமை அதே சிவப்பு வண்டியில் அண்ணன் முன்சீட்டில் போவதைக் கண்டேன். சனிக்கிழமையும். திங்கட்கிழமை ஒரு சுற்று போய் வந்ததும் விற்பனையாளரே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அந்தக் கிளாஸைத் தூக்கிப் பார்க்காமல் குடித்தார். கிழமைகளை வரிசையாக டயரியில் குறித்து, பக்கத்தில் "கமிஷன்?" என்று எழுதினேன். மனசு கேட்கவில்லை. அக்காவிடமும் சொல்லிவிட்டேன்.

அக்கா சுற்றி வளைக்கிறவர் இல்லை. மறுநாள் மீன் வெட்டிக்கொண்டே கேட்டுவிட்டார்.

"இன்னாண்ணா, அந்த வண்டிலயே சுத்திக்கினு கீறியாமே. சார் நோட்டுல எழுதி வச்சிகீறாரு."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "எத்தினி வாட்டின்னு எழுதிகீறீங்க?"

"மூணு" என்றேன்.

"நாலு. ஞாயித்திக்கெழமைய வுட்டுட்டீங்க."

அக்காவின் அரிவாள்மணையில் வஞ்சிரம் பாதி வெட்டில் நின்றது.

"மொத வாட்டி போனப்ப இடுப்பு வலிக்கல" என்றார் அண்ணன். "முப்பது வருசமா வலிக்கிற இடுப்பு. மாத்தர வேல செஞ்சிகீதுபோலன்னு, மாத்தர போடாம ஒரு வாட்டி போனேன். வலிக்கல. ரோடு நல்லா கீதுபோலன்னு வேற ரோட்ல ரெண்டு வாட்டி போனேன். வலிக்கல. பின்சீட்ல குந்தியும் பாத்தேன்."

"அப்ப நல்ல வண்டிதான?"

"அதான் பேஜாரா கீது. இப்ப வாங்குன்னு நான் சொன்னா, சொல்றது நானா, எம் இடுப்பான்னு எனக்கே தெரியல. நீ சொமக்கப் போறது என்னிய இல்ல, மீன. ஏத்திப் பாத்துரலாம்."

ஷோரூமில் போய்க் கேட்டபோது விற்பனையாளர் பதறினார். "சார், புது வண்டியில மீன் ஏத்தினா அப்புறம் அதை யாருமே வாங்க மாட்டாங்க."

"மீன் வாணாம்பா. ஆளுங்க ஏறலாம்ல?" என்றார் அக்கா.

ஆளுங்க என்றால் யார் என்று விசாரிக்காமல் அவர் தலையாட்டியதுதான் தப்பு. புதன்கிழமை மதியம் வியாபாரம் முடித்த ஏழு மீன்காரப் பெண்கள், காலிக் கூடைகளோடு ஷோரூம் முற்றத்தில் வந்து இறங்கினார்கள். முதலில் சாதா மாடலின் பின்தட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். அண்ணன் சாக்கை விரித்து அடியில் போய், வண்டி தாழ்ந்ததை விரல் வைத்து அளந்தார். "மூணு வெரக்கட எறங்கிகீது. எழுதுங்க சார்."

அடுத்து சிவப்பு வண்டி. விற்பனையாளர் கைகளை விரித்துக் குறுக்கே நின்றார். "மேடம், இது லைஃப்ஸ்டைல் வண்டி மேடம்."

"எங்க லைஃபு இதாம்பா. கொஞ்சம் தள்ளு" என்று சொல்லி ஒரு பெண் அவர் தோளைப் பிடித்தே ஏறினார்.

ஐந்தாவது ஆள் ஏறியபோதே வண்டியின் பின்பக்கம் தணிந்தது. ஏழாவது ஆளுக்கு மூக்கு வானத்தைப் பார்த்தது. அடியிலிருந்து வெளியே நீட்டியிருந்த அண்ணனின் கால்கள் ஆடவே இல்லை.

"ஆறு வெரக்கட" என்று குரல் வந்தது. "தாவி வுழுந்தா நோவக் கூடாதுன்னு மெத்துமெத்துனு ஸ்பிரிங்கு வச்சிகீறான். தாவலாம். மூட்ட தூக்காது."

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் அதுவே இருந்தது. விலை கூடிய மாடல் சாதா மாடலைவிடக் குறைவாகத்தான் சுமக்கும். தண்ணீரில் இறங்கும் ஆழத்திலோ இரண்டுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. நான் படித்துச் சொன்னதும் விற்பனையாளர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

அக்கா சிவப்பு வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அது தாவறத பாத்தா ஆசையாத்தான் கீதுண்ணா."

"எனக்குந்தான்" என்றார் அண்ணன், சாக்கை உதறியபடி. "சாதாவே எடு. மிச்சத்துல நல்ல டயரு போடு, ஐஸ் பொட்டிக்கு இறுக்கமா மூடி போடு. தண்ணி முட்டிக்கு மேல நின்னா எந்த வண்டியயும் எறக்காத. நம்பாத."

அன்று மாலை டயரியில் ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்தேன். "கமிஷன்?" என்பதை, கீழே இருந்த எழுத்து தெரியாதபடி அடித்தேன்.

ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. பள்ளிக்கரணையில் தண்ணீர் கணுக்காலளவு நின்ற நாட்களில் அக்காவின் சாம்பல் நிற சாதா வண்டி நடுவே புகுந்து போனது. முட்டிக்கு மேல் போன நாளில் வேறு வழியாகச் சுற்றிப் போனது. ஒரு நாள்கூட மீன் கெடவில்லை. விட்டுப்போன மெஸ்களில் ஒன்று திரும்பி வந்தது.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டார். திரும்பும்போது அவரே ஓட்டினார். அண்ணன் முன்சீட்டில், நான் பின்னால். கேளம்பாக்கம் தாண்டியதும் அண்ணன் பேச்சு நின்றது. எட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருமுனைக்கு வந்ததும் அவரை எழுப்பக் கை நீட்டினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"வுடுங்க சார். அண்ணன் இடுப்பு வலி மறந்து தூங்குது. பெருங்களத்தூர் வரிக்கும் போய்ட்டு வரலாம்."

ஞாயிறு மாலை, ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களின் கூட்டம். பெருங்களத்தூரில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. எங்கள் இருவருக்கும் அன்று எந்த அவசரமும் இல்லை.