யுவர் ஒபீடியன்ட் டாட்டர்

இங்கிலீஷ் படித்தவர்கள் ஒரு காரியம் மட்டும் செய்யக்கூடாது. எழுதிய விண்ணப்பத்தை வீட்டில் உரக்கப் படித்து, வரிக்கு வரி தமிழில் விளக்கக்கூடாது. நான் விளக்கினேன். யாரும் கேட்கவில்லை. எங்கள் வம்சத்திலேயே பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் என்ற திமிர்தான்.

புதுக்கோட்டை சமஸ்தானம் முடிந்து கொஞ்ச காலம். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கு ஆசிரியை வேண்டியிருந்தது. வேலை கிடைக்காவிட்டால் தை மாதம் அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை. (அத்தை மகனைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாதுதான். ஆனால் யாராவது படித்துக் காட்டிவிடுவார்கள்.)

கடைசி வரிக்கு வந்தேன். யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட். அதிகாரிக்கு எழுதுகிற எந்தக் கடிதமும் அப்படித்தான் முடியும். பேசாமல் விட்டிருக்கலாம். "தங்களுக்குக் கீழ்ப்படிந்த வேலைக்காரி" என்றேன்.

மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது.

"எவனுக்குடி வேலைக்காரி?"

"அப்படி எழுதுறதுதாம்ப்பா முறை."

"ராசாவே எறங்கிட்டாரு. இன்னும் என்ன வேலைக்காரி? நீ எனக்குத்தான் கட்டுப்பட்டவ. அப்படிப் போடு."

வாதாடினால் விண்ணப்பம் அடுப்புக்குப் போகும். சர்வன்ட்டை அடித்துவிட்டு டாட்டர், அதாவது மகள், என்று எழுதினேன். அப்பாவுக்குத் திருப்தி. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கும் திருப்தி. விண்ணப்பம் போவது அப்பாவுக்கு அல்ல, அதிகாரிக்கு என்பது தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது.

இன்டர்வியூவுக்குப் புதுக்கோட்டைக்கு அப்பாவும் வந்தார். ஆபீஸ் வராந்தாவில் குமாஸ்தாக்கள் என்னைப் பார்ப்பதும் வாயைப் பொத்திக்கொள்வதுமாக இருந்தார்கள். "நம்ம ஐயாவோட பொண்ணு வந்துருச்சுப்பா" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. (அப்பாவின் காதில் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.)

அதிகாரி சிரிக்கவில்லை. விண்ணப்பத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"சேதி எங்க வீடு வரைக்கும் போயிருச்சும்மா. வீட்டுல என்கூடப் பேசுறதில்ல. நீ யாரு மக?"

பின்னால் நின்ற அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "என்ன கேள்வி கேக்குறீங்க?"

தை மாதம் என் கண்முன் வந்து நின்றது. நடந்ததைச் சொன்னேன். அதிகாரி பேனாவை நீட்டினார்.

"பழையபடி சர்வன்ட்டுன்னு எழுதிக் குடு. இல்லாட்டி இத மேல அனுப்ப முடியாது."

அப்பா விடவில்லை. "நீங்க மேல எழுதுறப்ப என்ன போடுவீங்க?"

"இதேதான்."

"அவரு?"

"அவருக்கு மேல உள்ளவருக்கு அவரும் இதேதான் போடுவாரு."

அப்பா அவருடைய கோட்டைப் பார்த்தார், பூட்சைப் பார்த்தார், தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எழுதிக் குடு தாயி. பாவம், இவுகளே வேலைக்காரவுகதான்."

அதிகாரி முகத்தைப் பார்க்கப் பயந்து, காகிதத்தைப் பார்த்தபடியே எழுதிக் கொடுத்தேன். வேலை கிடைத்தது. அத்தை மகனுக்கும் வேறு இடத்தில் பெண் கிடைத்தது.

இன்றும் பள்ளியிலிருந்து வந்து "அப்பா எங்கம்மா?" என்று கேட்டால், அடுப்படியிலிருந்து அம்மா "எந்த அப்பா?" என்பாள். அதையாவது சிரித்துச் சமாளிக்கலாம். ஆண்டுதோறும் பள்ளியைப் பார்வையிட அந்த அதிகாரி வருகிறார். அவர் வீட்டம்மாவும் தவறாமல் கூட வருகிறார்கள். என் மூக்கை ஒருமுறை, அவர் மூக்கை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் காப்பியைத் தொடுகிறார்கள்.