ஒரு தேங்காயில் முடிந்திருக்க வேண்டியது

என் தங்கை ஜெயத்தின் முதல் கல்யாணப் பேச்சு முறிந்ததற்கு என் மூக்குதான் காரணம் என்று எங்கள் குடும்பத்தில் ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். நானும் மறுத்ததில்லை. மூக்கின் மேல் பழி விழுவது எனக்கு வசதியாக இருந்தது. எண்பதை நெருங்கிவிட்டேன், இனிமேலாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூக்கு தன் பங்குக்குத் தும்மியது, அவ்வளவுதான். மீதி எல்லாவற்றையும் செய்தவன் நான்.

முப்பதுகளின் நடுவில் நான் வைத்தியக் கல்லூரியில் நாலாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் வைத்தியக் கல்லூரி மாணவன் இருந்தால் அந்த வீட்டில் மற்ற யாருக்கும் நிம்மதி கிடையாது. காலையில் காபி குடிக்கும் முன்பே அப்பாவின் நாக்கைப் பார்ப்பேன். வருகிற விருந்தாளியின் நகத்தைப் பார்த்து ரத்தம் போதாது என்பேன். (அவர் இரண்டாவது முறை வந்ததில்லை.) இத்தனை பேரைப் பரீட்சை செய்த எனக்கு என் மூக்கை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆவணி பிறந்து தாழம்பூ வந்துவிட்டால் போதும். மடலைப் பிரித்தால் மாவு போல உதிருமே, அதில் ஒரு துளி காற்றில் வந்தாலும் கண் சிவந்து, மூக்கு குழாய் போல ஒழுகி, தும்மல் வரிசை கட்டி வரும்.

ஜெயத்துக்கு அப்போது பதினேழு வயது. மாம்பலத்திலிருந்து (தியாகராய நகர் என்று புதுப் பெயர் வைத்திருந்தார்கள், எங்கள் வாயில் நுழைய நாளாயிற்று) ஒரு வரன் வந்தது. பையன் ரகுநாதன் ஒரு கல்லூரியில் பௌதிக டெமான்ஸ்டிரேட்டர். கல்யாணத்துக்கு அப்புறம் பெண் மேலே படிக்கலாம் என்று அவரே சொல்லியிருந்தாராம். அதைக் கேட்டதிலிருந்து ஜெயம் காபிக் கொட்டை அரைக்கும்போதுகூடப் பாடிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் பெண் பார்க்க வருகிற அன்று காலை, அம்மா தாழம்பூ வைத்து ஜடை பின்னுவதற்கு உட்கார்ந்தாள். ஜெயம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, தாழம்பூ வேண்டாம், மல்லி போதும்னு அம்மாகிட்டே சொல்லிடட்டுமா? உனக்குத்தான் ஒத்துக்காதே."

"ஒரு பூவுக்குப் பயந்துண்டு ஒருத்தன் இருப்பானா? நான் பார்த்துக்கறேன்."

"அப்போ கொல்லைப் பக்கமா இருந்துடு. கூப்பிட்டா வா."

"பொண்ணோட அண்ணா கொல்லையிலே நிக்கறதாவது!"

இரண்டு மூக்கிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஜெயம் நமஸ்காரம் செய்தாள், பாடினாள். ரகுநாதனின் அம்மா முகம் மலர்ந்து, அப்பா நீட்டிய தாம்பூலத் தட்டை வாங்கக் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து ஜெயம் திரும்பினாள். ஜடை ஆடியது. நான் தும்மினேன். வலது மூக்கிலிருந்த பஞ்சு கூடத்தைக் கடந்து மாமியின் பட்டுப் புடவை மடியில் போய் விழுந்தது.

மாமியின் கை பின்வாங்கியது.

ரகுநாதனின் அப்பா நல்ல மனிதர். "ஒத்தைத் தும்மல்தான் ஆகாது. இன்னொண்ணு போட்டுடு அம்பி, சரியாப் போயிடும்" என்றார்.

இன்னொன்று போட்டேன். நிறுத்த முடிந்தால்தானே! அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பதினொன்றில் நின்றது. "அடடா, ஒத்தைப்படையாப் போச்சே" என்று வருத்தப்பட்டு, தன் பொடி டப்பாவைத் திறந்து என் மூக்குக்கு நேராகப் பிடித்தார். பொடி வேலை செய்தது. ஒன்று வந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். உடனே இன்னொன்று வந்தது.

"பதிமூணு" என்றார் அவர், டப்பாவை மூடிக்கொண்டு.

இதில் அந்த மாமியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பஞ்சைப் புடவையிலிருந்து தட்டிவிட்டு அப்பாவிடம் சொன்னாள்: "பரவாயில்லே மாமா. இன்னிக்குத் தட்டு மாத்த வேண்டாம். வெள்ளிக்கிழமை வரச்சே பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் போட்டுட்டு வரோம். அன்னிக்கு மாத்திண்டுடலாம். பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு."

விஷயம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு தேங்காய்! வெள்ளிக்கிழமை வரை நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலு வருஷம் வைத்தியம் படித்தவனின் மூக்குக்குப் பிள்ளையார் கோயிலில் தேங்காயா? அவர்கள் ஜட்காவில் ஏறும்போது ரகுநாதனின் கையைப் பிடித்து இழுத்துப் பிரசங்கத்தைத் தொடங்கினேன். தும்மல் சகுனமே இல்லை, அது ரத்தத்தில் இருக்கும் ஒரு பொருளின் வேலை என்றேன். ஜெர்மனியில் இரண்டு டாக்டர்கள் இதைக் காட்டியிருப்பதைப் படித்திருந்தேன். ஒருவருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. அவருடைய ரத்தத்திலிருந்து தெளிந்த நீரை எடுத்து மற்றவர் தோலுக்குள் ஊசியால் ஏற்றி, மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றை வைத்தபோது, மீன் ஒத்துக்கொள்கிறவரின் தோல் தடித்துப் போயிற்று.

ரகுநாதன் கண் விரியக் கேட்டார். "அப்படின்னா என் கையிலே போட்டுக் காட்டுங்கோளேன். அம்மா கண்ணால பார்த்துட்டான்னா நம்பிடுவா. சகுனம் பார்க்கற ஆத்திலேருந்து ஜெயம் தினம் காலேஜுக்குக் கிளம்பறது கஷ்டம், பாருங்கோ."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போது காதில் வாங்கவே இல்லை. 'போட்டுக் காட்டுங்கோ' என்பதோடு என் காது அடைத்துவிட்டது.

புதன்கிழமை ஒரு சகமாணவன் என் கையிலிருந்து ரத்தம் எடுத்தான். வியாழக்கிழமை அதில் தெளிந்த நீரை ரகுநாதனின் இடது முன்கையில் ஏற்றினேன். இன்று ஒரு மாணவன் இதைச் செய்தால் நானே போலீஸுக்குச் சொல்வேன். என் ரத்தத்தில் என்ன நோய் இருக்கிறது, என்ன இல்லை என்று நான் பார்க்கவே இல்லை. அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகாதது என் சாமர்த்தியம் இல்லை.

பூ வேண்டுமே! நானே மாட வீதிக்குப் போய்த் தாழம்பூக் கூடைக்கு முன்னால் நின்றேன். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஊற்றியது. பூக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா சாமி, பூ வாங்க வந்தியா, எழவுக்கு வந்தியா? இப்டி அழுதுகினு கீறே!"

"எனக்கு இந்தப் பூ ஆகாது" என்றேன்.

"ஆவாதுன்னா இன்னாத்துக்கு வாங்கறே? பேசாம வூட்டுக்குப் போ நைனா."

அந்த வாரம் முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான யோசனை அதுதான். கேட்காமல் இரண்டு மடல் வாங்கி, ஒரு குச்சியில் கட்டி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். தேங்காயும் உடைத்தாகிவிட்டது. ஜெயம் மல்லிகைதான் வைத்திருந்தாள். அப்பா தட்டை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றேன் நான்.

ரகுநாதன் சட்டைக் கையை மடித்தார். இரண்டு கையிலும் லேசாகக் கீறி, தாழம்பூ மாவு ஊறிய நீரைச் சொட்டவிட்டேன். வலது கை சும்மா இருந்தது. இடது கையில் கால் மணி நேரத்தில் குங்குமச் சிமிழின் மூடி அளவுக்குத் தடிப்பு எழுந்தது. சுற்றிலும் செக்கச்செவேலென்று வேறு ஆகிவிட்டது. அவர் சொறிந்துகொள்ளாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் கூடத்தின் நடுவில் நின்று எல்லாவற்றையும் விளக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் எதையும் விளக்கியதில்லை.

மாமி கடைசிவரை கவனமாகக் கேட்டாள். நாலு வருஷத்தில் என் பேராசிரியர்களுக்குக்கூட அப்படி ஒரு மாணவி கிடைத்திருக்க மாட்டாள்.

"அப்போ இது சகுனம் இல்லே?"

"இல்லவே இல்லை மாமி."

"ரத்தத்துலேயே இருக்கு?"

"ஆமாம்! இதோ, கண்ணெதிரே பார்க்கறேளே!"

"ரத்தம்னா தாயார் தோப்பனார் குடுக்கறதுதானே?"

"பரம்பரையாவும் வரும்னுதான் புஸ்தகத்துல போட்டிருக்கு" என்றேன் பெருமையோடு. (புஸ்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிப்பதில் நான் கெட்டிக்காரன்.)

மாமி ஜெயத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் கையைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"பொண்ணுக்கும் அதே தாயார் தோப்பனார்தானே மாமா? சகுனம்னா ஒரு தேங்காயோட போயிடும். ரத்தத்துக்கு எதை உடைக்கறது?"

அப்பா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அதுக்கென்ன மாமி? ஜெயத்தோட ரத்தத்தையும் எடுத்துச் சோதிச்சுடலாம்! ரெண்டே நாள்!"

"சேது" என்றார் அப்பா மெதுவாக. "உள்ளே போ."

போனேன். தட்டு மாற்றவில்லை. ரகுநாதன் வாசலில் தன் அம்மாவிடம் ஏதோ வாதாடியது மட்டும் ஜன்னல் வழியே கேட்டது. "வாயை மூடுடா, முதல்ல கையைப் பாரு!" என்ற பதிலும் கேட்டது.

அதற்குப் பிறகு மூன்று வருஷம், எங்கள் வீட்டுப் பெண்ணின் ஜாதகம் போய்ச் சேரும் முன்பே 'அவாத்து ரத்தத்துலேயே தும்மல் இருக்காம்' என்ற செய்தி போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. ஜெயம் பிறந்ததிலிருந்து காரணமில்லாமல் ஒரு தும்மல் தும்மியவள் இல்லை. கடைசியில் முதல் மனைவியை இழந்த ஒரு தலைமையாசிரியருக்கு வேலூரில் வாழ்க்கைப்பட்டாள். நல்ல மனிதர். ஆனால் மேல்படிப்பு என்ற பேச்சு அந்த வீட்டில் எழவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு என்னைப் பந்தலுக்கு வெளியே, காற்று வீசும் திசை பார்த்து உட்கார்த்தி வைத்தார்கள்.

நான் மூக்கு டாக்டராகி அடையாறில் நாற்பது வருஷம் தொழில் பார்த்தேன். எனக்கு ஐம்பது தாண்டிய பிறகுதான் ரத்தத்தில் இருக்கும் அந்தப் பொருள் இன்னதென்று கண்டுபிடித்தார்கள். மூக்கின் தோலுக்கு அடியில் காவல்காரர்கள் போலச் சில செல்கள் இருக்கின்றன. இந்தப் பொருள் அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு தாழம்பூவின் அடையாளத்தைச் சொல்லி வைத்திருக்கிறது. மாவு வந்து தொட்டதும் காவல்காரன் ஹிஸ்டமின் என்ற விசிலை ஊதிவிடுகிறான். தெருவே எழுந்து ஓடி வருகிறது, வீக்கம், நீர், அரிப்பு, தும்மல். வந்தது திருடனா பூவா என்று ஒருவனும் நின்று பார்ப்பதில்லை. இதைப் படித்தபோது எனக்கு என் முகமே தெரிந்தது. ஒரு நல்ல அம்மாள் தேங்காய் என்று ஒரு வார்த்தை சொன்னாள். நான் விசிலை ஊதிவிட்டேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் எந்தக் குழந்தைக்குக் கொசு கடித்துத் தடித்தாலும் அதற்குப் பெயர் 'சேது ரத்தம்'. "அம்மா, எனக்குச் சேது ரத்தம் ஏறிடுத்து" என்று கையை நீட்டிக்கொண்டு ஓடி வருவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். ஜெயமும் சிரிப்பாள். ஆனால் அவளிடம் நான் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. போன ஆவணியில்தான் கேட்டேன். இப்போது அவளும் அடையாறில் தன் பிள்ளையோடு இருக்கிறாள்.

"விடு அண்ணா" என்றாள். பிறகு, "ஊசிக்கு அவர் தானா கையை நீட்டினார், இல்லையா?" என்று கேட்டாள்.

"தானாத்தான். நீ காலேஜுக்குப் போகணும்னு."

அதை அவளிடம் நான் சொல்வது அதுதான் முதல் தடவை. அவள் புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"அந்த ஊசி போட்டது எத்தனை நாள் உடம்புல இருக்கும்?"

"நாலு வாரம் இருக்கும். சில பேருக்கு இன்னும் கொஞ்சம்."

விரல் விட்டு எண்ணினாள். ரகுநாதனுக்கு அதே ஆவணி முடிவதற்குள் வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அதை நான் மறந்திருந்தேன், அவள் மறக்கவில்லை.

"அப்போ தாலி கட்டறச்சே நம்மாத்து ரத்தம் அவர் கையிலே இருந்திருக்கு" என்றாள். "அந்தப் பொண்ணு தாழம்பூ வெச்சுப் பின்னிண்டிருந்தாளோ என்னமோ! பாவம், ஒரு கையாலே சொறிஞ்சுண்டேதான் கட்டியிருப்பார்."

சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவளுக்கு எந்தப் பூவும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை. அதனால் அந்தக் கண்ணீருக்கு என்ன காரணம் என்று மூக்கு டாக்டரான நான் கேட்கவில்லை.